நடுவில் நிற்காத பேனா

தொண்ணூறுகளின் கடைசியில் பதுளைக் கடைவீதியில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவன். டவுனில் இரண்டு வருடம் எலக்ட்ரோனிக்ஸ் படித்தேன். அதற்கு மேல் படிக்க வழியில்லாமல் அந்தக் கடையில் ஒட்டிக்கொண்டேன். காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வருவேன், மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்புவேன். நாள் முழுக்க குனிந்து ஈயம் வைப்பதில் இருபத்தாறு வயதிலேயே முதுகு பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குவதைத் தவிர வேறொன்றும் செய்யத் தோன்றாது.

அந்த நாட்களில் ஒருநாள்தான் கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் மருந்துக்காம்பராவிலிருந்து டிஸ்பென்சர் ஐயா கடைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். குடையைக் கதவோரம் சாத்திவிட்டு, சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, எங்ககிட்ட ஒரு ஈசிஜி மெசின் இருக்கு. வெளிநாட்டுலருந்து யாரோ தர்மத்துக்குக் குடுத்தது. கொஞ்ச நாள் நல்லா ஓடுச்சு. இப்ப பேனா காயிதத்துக்கு மேல் ஓரமாப் போயி நிக்குது. எறங்க மாட்டேங்குது. வந்து பாக்குறீங்களா?"

ஈசிஜி மெசினை நான் அதுவரை தொட்டதில்லை. ஆனால் கடை முதலாளி தலையாட்டிவிட்டார். அடுத்த நாளே கிளம்பினேன்.

பதுளையிலிருந்து பண்டாரவளை, அங்கே பஸ் மாறி ஹப்புத்தளை, பெரகலைச் சந்தி, அப்புறம் கொஸ்லந்தை. இறங்கி ஒரு மணி நேரம் ஏற்றம். மருந்துக்காம்பரா என்பது தகரக் கூரை போட்ட இரண்டு அறை. ஓர் அறையில் மருந்து, இன்னொன்றில் ஒரு கட்டில். ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மெசின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல் துணி போர்த்தி இருந்தது.

திறந்து பார்த்தேன். இருதயம் தோலுக்கு அனுப்புவது ஒரு மில்லிவோல்ட் அளவு மின்சாரம்தான். அதை ஆயிரம் மடங்காக்கினால்தான் பேனா அசையும். அதற்காக உள்ளே மூன்று பெருக்கி ஐசிகள், ஒன்றன்பின் ஒன்றாக. இத்தகைய ஐசிகளில் ஒரு குறை உண்டு. உள்ளே எதுவுமே வராதபோதும் வெளியே ஒரு சிறு மின்னழுத்தம் நிற்கும். ஆஃப்செட் என்பார்கள். முதல் ஐசியில் இரண்டு மில்லிவோல்ட் பிழை இருந்தால், அடுத்தடுத்த கட்டங்கள் அதையும் இருதயத்தின் துடிப்பென்றே நினைத்துப் பெருக்கும். கடைசிக் கட்டத்தில் அது வோல்ட் கணக்காகிவிடும். பேனா ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பேனாவின் நிலையை மாற்றும் குமிழைத் திருகினேன். பேனா நடுவுக்கு வந்தது. டிஸ்பென்சர் ஐயாவின் கையில் கம்பிகளை மாட்டி ஓடவிட்டால், துடிப்பின் மேல்பகுதி வெட்டிப்போட்டதுபோல் தட்டையாக விழுந்தது. முன் கட்டங்கள் ஏற்கனவே முட்டிக்கொண்டு நிற்கும்போது கடைசியில் திருத்தி என்ன பயன்?

முதல் ஐசி கெட்டுப்போயிருந்தது. போர்டைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு பதுளைக்குத் திரும்பினேன். அதுதான் நான் செய்த முதல் பிழை. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் வழியில் செக்பொயிண்ட் உண்டு. எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். தமிழ்ப் பெயர், இளவயது, பையில் கம்பிகளும் ஐசிகளும் உள்ள ஒரு பச்சை நிறப் பலகை. சிப்பாய் அதை எடுத்து உயர்த்திப் பிடித்துப் பார்த்தான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இது இருதயத் துடிப்பு எழுதும் மெசினின் பாகம் என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. ஒரு மர வாங்கில் உட்காரவைத்தார்கள். பெரிய அதிகாரி வரவேண்டும் என்றார்கள். அவர் வந்து, தோட்டத்து ஒப்பிசுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகு, பொழுது சாயும்போது விட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனாலும் வீட்டில் சொல்லவில்லை.

கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து சரியான ஐசி வர ஒரு மாதமாகும் என்றார்கள். கடையிலிருந்த சாதாரண ஐசி ஒன்றை அந்தப் போர்டில் வைத்தேன். டிஸ்பென்சர் ஐயா தோட்டத்து முத்திரை குத்திய கடிதமொன்றை அனுப்பியிருந்தார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போர்டை மறுபடி சுமந்துபோனேன். இம்முறை கடிதத்தைப் பார்த்துவிட்டு விட்டார்கள். ஆனாலும் இந்தப் பலகையை இனி இந்த வழியால் தூக்கிக்கொண்டு போவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்தேன். எது மிச்சமிருந்தாலும் அங்கேயே முடித்துவிட வேண்டும்.

போர்டைப் பொருத்தினேன். பேனா அசைந்தது. ஆனால் ஊர்ந்துகொண்டே மேலே போனது. முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் உண்டு. நிலையாக நிற்கும் ஆஃப்செட்டைத் தடுத்து, துடிப்பை மட்டும் உள்ளே விடுவது அதன் வேலை. அது மின்சாரத்தை ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது. அதே அளவில் வேறொன்று என் பெட்டியில் இருந்தது. ஆனால் மட்டமான சாதி, அதுவும் ஒழுகியது. நல்ல சாதியில் என்னிடம் இருந்தது பத்தில் ஒரு பங்கு அளவுள்ளது மட்டும்தான்.

அதை வைத்தேன். பேனா சட்டென்று நடுவுக்கு வந்து நின்றது. கம்பியை இழுத்தாலும், கையை அசைத்தாலும், ஒரு நொடியில் திரும்பி வந்துவிட்டது. பழைய அளவில் இருந்தால் ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நொடி காத்திருக்க வேண்டும். அதற்காகவே மெசினில் பேனாவை உடனே நடுவுக்குக் கொண்டுவரும் ஒரு பட்டன் இருந்தது. அது வேலை செய்யவில்லை. அதைக் கழற்றிப் பார்க்க எனக்கு அன்று தெம்பில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

டிஸ்பென்சர் ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தானே கட்டிலில் படுத்துக்கொண்டு எடுக்கச் சொன்னார். கோடு நேராக, அழகாக ஓடியது.

"முன்னாடி இருந்ததவிட நல்லாருக்கு தம்பி! இப்பிடி நின்னதே இல்ல."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. பண்டாரவளை வரைக்கும் தூங்கினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் ஒரு டொக்டர் கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் சொந்தமாக டிஸ்பென்சரி வைத்திருந்தார். சில தோட்டங்களுக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய் நோயாளிகளைப் பார்ப்பார். அவரை எனக்கு முகப்பழக்கம் உண்டு. மெலிந்த ஆள், பேச்சில் அவசரமில்லை. ஒரு கடித உறையிலிருந்து சில ஈசிஜி துண்டுகளை எடுத்து என் மேசையில் வரிசையாக வைத்தார்.

"கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்து மெசினைத் திருத்தினது நீர்தானே?"

"ஆமாங்க டொக்டர்."

"உதுக்குள்ள என்ன செய்தனீர்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஒரு துண்டைக் காட்டி, உயர்ந்த கூருக்குப் பிறகு வரும் பகுதியில் விரலை வைத்தார்.

"இந்த இடம் சமனாய் இருக்கவேணும். இது கீழ பதிஞ்சால் இருதயத்துக்குப் போற இரத்தம் காணாது எண்டு நாங்கள் நினைப்பம். அந்தத் தோட்டத்தில எடுத்த துண்டு கனக்க இப்பிடித்தான் இருக்கு. முதலில நானும் நம்பினன். எல்லாருக்கும் எப்பிடி ஒரே வருத்தம் வரும்? போன கிழமை நானே அந்தக் கட்டிலில படுத்து எடுப்பிச்சன். இது என்ர. எனக்கும் இருதய வருத்தமாம். அண்டைக்குப் பின்னேரமே என்ர மெசினிலயும் எடுத்துப் பார்த்தன். இது அது."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் அந்த இடம் சமமாக இருந்தது. மற்றதில் கிண்ணம்போல் பதிந்திருந்தது. ஆனால் என் கண் போனது அங்கே இல்லை. எந்தத் துண்டின் தொடக்கத்திலும் மெசின் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள ஓர் அடையாளம் போடும். ஒரு மில்லிவோல்ட், சிறிய பெட்டிபோல. டொக்டரின் மெசினில் அந்தப் பெட்டியின் மேல்பகுதி நேராக இருந்தது. நான் திருத்திய மெசினில் அது தகரக் கூரைபோல் சரிந்திருந்தது. அன்று டிஸ்பென்சர் ஐயாவை எடுத்தபோதும் அது அப்படித்தான் சரிந்திருக்கும். என் கண்முன்னேதான் ஓடியிருக்கும். கோடு நடுவில் நிற்கிறதா என்பதை மட்டுந்தான் அன்று பார்த்தேன்.

சிறிய கெப்பாசிட்டரின் வேலை அது. ஆஃப்செட்டை மட்டும் தடுக்கவேண்டியது, துடிப்பின் மெதுவான பகுதியையும் சேர்த்துத் தின்றுவிட்டது. எது நிலையாக நின்றாலும் அதை நடுவுக்கு இழுக்கும் அவசரத்தில், சமமாக நிற்கவேண்டியதைக் கீழே தள்ளிவிட்டது.

"என் பிழைதாங்க டொக்டர்" என்றேன். கெப்பாசிட்டரைப் பற்றிச் சொன்னேன். செக்பொயிண்டைப் பற்றிச் சொல்லவில்லை. அது சாக்குப்போல் கேட்கும் என்று நினைத்தேன்.

அவர் துண்டுகளை உறைக்குள் திரும்ப வைத்தார். "என்ர பிழையும்தான். முதல் துண்டிலயே நான் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கவேணும்" என்றார். பிறகு, "மற்ற ஆக்களை நான் சமாளிப்பன். தோட்டத்தில ஒரு மனிசி இருக்கிறா. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகவேண்டாம் எண்டு நான்தான் மறிச்சுப்போட்டன். பெரிய கிளினிக்கில நாள் கிடைக்கும்வரைக்கும் எண்டு. அந்த நாள் தள்ளித் தள்ளிப் போகுது. ஆறு மாதமாச்சு" என்றார்.

இம்முறை சரியான ஐசியையும் நல்ல கெப்பாசிட்டரையும் கொழும்பிலிருந்து வரவழைத்துக்கொண்டு போனேன். டொக்டரும் கடிதம் தந்திருந்தார். இரண்டு நாள் மருந்துக்காம்பராவிலேயே தங்கினேன். முதலில் உள்வரும் கம்பிகளை ஒன்றாக முடிச்சுப்போட்டு, இருதயமே இல்லாத நிலையில் வைத்தேன். முதல் ஐசியின் வெளியே என்ன நிற்கிறது என்று மீட்டரில் பார்த்து, அதன் காலோடு ஒரு சின்னத் திருகியைச் சேர்த்து அங்கேயே பூச்சியமாக்கினேன். அதன் பிறகுதான் இரண்டாவது. அதன் பிறகுதான் மூன்றாவது. முன்னாலிருந்து பின்னால். கெப்பாசிட்டரைப் பழைய அளவிலேயே வைத்தேன். பட்டனைக் கழற்றி, களிம்பு பிடித்திருந்த தகடுகளைச் சுரண்டிச் சரிசெய்தேன். அரை மணி நேரத்துக்குள் முடிந்த வேலை அது. அன்றே செய்திருக்கலாம்.

அவ்வளவும் செய்தும், மறுநாள் காலையில் பேனா மறுபடி ஊர்ந்தது. ஒன்றும் புரியாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும்போலிருந்தது. ஜன்னலால் பனி வந்து போர்டின் மேல் படிந்திருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். பெரிய ரெசிஸ்டர்கள் இருக்கும் இடத்தில் ஈரம் ஒரு வழியைத் திறந்துவிட்டிருந்தது. போர்டை ஸ்பிரிட்டால் கழுவி, வெயில் வந்த நேரம் பார்த்துக் காயவைத்து, வார்னிஷ் பூசினேன். பிறகு பேனா நின்றது. நின்றதை நம்பாமல், அந்தப் பெட்டி அடையாளத்தை இருபது முறை எடுத்து அளந்தேன்.

இரண்டாம் நாள் மதியத்துக்குப் பிறகு டொக்டர் வந்தார். அந்தப் பெண்ணையும் வரச்சொல்லியிருந்தார். நாற்பது வயது இருக்கும். நெஞ்சுக்குக் குறுக்கே சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மகளின் தோளில் கைபோட்டு மெல்ல மெல்ல ஏறி வந்தாள். மகளுக்குப் பதினாறு இருக்கும். உடுப்பு நனையாமல் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருந்தாள். கொழுந்து நிறுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை.

டொக்டர் தானே எடுத்தார். இரண்டு முறை எடுத்தார். தான் கொண்டுவந்திருந்த சொந்த மெசினிலும் ஒருமுறை எடுத்தார். மூன்றும் ஒன்றுபோல் இருந்தன.

"அம்மா, உங்களுக்கு ஒண்டும் இல்லை. நல்ல இருதயம். முதல் எடுத்தது மெசினில பிழை."

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். டொக்டரைப் பார்க்கவில்லை, மெசினைப் பார்த்தாள்.

"அப்ப மயக்கம் வந்திச்சிங்களே?"

"விடியச் சாப்பிடாமப் போனதால வந்திருக்கும்."

"மலைக்குப் போவலாங்களா?"

"போகலாம்."

"சீக்கு இல்லேன்னா சந்தோசந்தானுங்க" என்றாள். சந்தோஷம் முகத்தில் எங்கேயும் தெரியவில்லை. கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

டிஸ்பென்சர் ஐயா என்னைக் காட்டி, "இவருதான் மெசின சரி பண்ணுனாரு" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதை அப்படியே விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"மொதல்ல பிழையாச் செஞ்சதும் நான்தான் அக்கா" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு அது சரியாகப் புரிந்ததா தெரியாது. மகளுக்குப் புரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப நல்லா செஞ்சிட்டீங்களா அண்ணே?"

"செஞ்சிட்டேன்."

அவள் தலையை அசைத்தாள். அம்மாவின் சால்வையைச் சரிசெய்து, மெல்ல எழுப்பி, கூட்டிக்கொண்டு இறங்கினாள்.

அவர்கள் போன பிறகுதான் டிஸ்பென்சர் ஐயா மிச்சத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணின் கணவர் கொழும்பில் ஒரு கடையில். எப்போதாவது வருவார். அம்மா படுத்ததும், வீட்டில் ஒரு பேராவது, ஒரு நாள் கூலியாவது விழவேண்டும் என்று மகள் பள்ளிக்கூடத்தை விட்டு மலைக்கு ஏறிவிட்டாள். பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சைக்கு அப்போது மூன்று மாதம் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் தேறக்கூடியவர்கள் இரண்டே பேர், அவர்களில் ஒருத்தி என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தாராம். இப்போது பரீட்சையே முடிந்து போயிருந்தது.

"அடுத்த வருசம் எழுதலாந்தானே?" என்று கேட்டேன்.

"எழுதலாம்" என்றார் அவர், நம்பிக்கையில்லாமல்.

பதுளைக்கு வந்து பழைய புத்தகக் கடையில் சாதாரணதரக் கணக்குப் புத்தகமும் விஞ்ஞானப் புத்தகமும் வாங்கி, டொக்டர் அடுத்தமுறை போகும்போது கொடுத்தனுப்பினேன். அவர் திரும்பி வந்ததும், "குடுத்தனான். வாங்கினவள்" என்றார். அவள் பள்ளிக்கூடம் திரும்பவில்லை என்பது அடுத்த வருடம் டிஸ்பென்சர் ஐயா கடைக்கு வந்தபோது தெரிந்தது. அம்மா மலைக்குத் திரும்பிவிட்டாள். மகளின் பெயரும் தோட்டத்துத் தொழிலாளர் பதிவான செக்ரோலில் ஏறியிருந்தது. ஒருமுறை ஏறிய பெயரை இறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அந்த மெசின் இன்னும் மூன்று நான்கு வருடம் ஓடியது. அதைப் பார்க்க வருடத்துக்கு இரண்டு தடவையாவது போய்வந்தேன். யாரும் கூப்பிடாமலே போவேன். கெட்டுப்போன எதையும் கண்டதில்லை. துடைத்துவிட்டு, பெட்டி அடையாளத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வருவேன். அதன்பிறகு புது மெசின் வந்தது. அதற்குள் எல்லாம் ஒரே சில்லு, திறந்தாலும் கைவைக்க ஒன்றுமில்லை. நான் போவதும் நின்றது.

இரண்டாயிரத்து ஐந்து ஆறு இருக்கும். வெலிமடையில் ஒரு மரக்கறி வியாபாரியின் தராசு மெசினைப் பார்த்துவிட்டு, வேறொரு வேலையாகப் பெரகலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணே, நீங்க மருந்துக்காம்பரா மெசினு அண்ணேதானே?" என்றாள். எனக்கு உடனே தெரியவில்லை. விரல் நுனிகளின் கறையைப் பார்த்ததும் அந்த மகள் என்று தெரிந்தது. கல்யாணமாகி ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்துவிட்டாளாம். புருஷன் லொறியில் வேலைக்குப் போகிறாராம். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போய்க்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொஸ்தகத்த படிச்சேன் அண்ணே" என்றாள். "கணக்குப் பொஸ்தகம். பாதி வரைக்கும். அப்பறம் கண்ணு சொக்கும்."

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இருக்காங்க. மலைக்குத்தான் போறாங்க. டொக்டர் ஒண்ணுமில்லன்னு சொன்னாரு இல்லியா, அத அவங்க நம்புறதே இல்ல. ஒவ்வொரு மேட்டுலயும் நின்னு நெஞ்சுல கை வச்சுப் பாத்துட்டுத்தான் ஏறுவாங்க. கங்காணி சத்தம் போட்டாலும் நிப்பாங்க. இன்னிக்கும் அப்பிடித்தான்."

"இன்னொருக்கா எடுத்துப் பாக்கச் சொல்லேம்மா. இப்ப புது மெசினு."

"மூணு வாட்டி எடுத்தாச்சு அண்ணே. நல்லாருக்குன்னுதான் காட்டுது."

அவளுடைய பஸ் வந்தது. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறினாள். உள்ளே இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றாள். கண்டக்டர் உள்ளே போகச் சொல்லிச் சத்தம் போட்டதும், யாரோ எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். எனக்குரிய பஸ் வர இன்னும் ஒரு மணி நேரமிருந்தது. கடை ஓரத்தில் ஒரு வாங்கு காலியாக இருந்தது. கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.